கடலைப் புண்ணாக்கும் கர்த்தர் கற்பித்த ஜெபமும்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சூடானுக்காகவும் ஜெபிக்கலாமே என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பெரியவர் "அது முஸ்லிம் நாடு, அவங்களுக்குள்ள சண்டை, நமக்கென்ன" என்றிருக்கிறார். இன்னொருவர் "அதான் கடைசியில உலக சமாதானத்துக்காக ஜெபிக்கிறோமே, அதுலயே வந்துடும்" என்று முடித்துவிட்டார். இதற்கிடையில் உங்களுக்கே ஒரு சந்தேகம்: இங்கே பாயில் உட்கார்ந்து ஜெபிப்பதால் அங்கே பசியோடு கிடப்பவனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

முதலாமவருக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாமவர்தான் கஷ்டம். அவர் சொல்வது கேட்க பக்தியாகவும் இருக்கிறது, வேலையும் மிச்சமாகிறது. நானும் பல வருடம் அப்படி ஜெபித்தவன்தான், அதனால் அவர்மேல் கல்லெறிய மாட்டேன்.

எங்கள் ஜெபக்குழுவுக்கு ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. 2023 ஏப்ரலில் சண்டை ஆரம்பித்ததும் நானும் உடனே குறிப்பில் சேர்த்தேன். என்னவென்று? "தெற்கு சூடானில் நடக்கும் யுத்தம் ஓய" என்று. 2011-ல் தனியாகப் பிரிந்துபோன நாடு அது, கிறிஸ்தவர்கள் அதிகம் என்று எங்கேயோ படித்த ஞாபகம், கை தானாக எழுதிவிட்டது. மூன்று மாதம் இருபது பேர் முழங்கால்படியிட்டுத் தவறான நாட்டுக்காக ஜெபித்தோம். சூடானின் தலைநகர் கார்ட்டூமில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, இந்திய அரசின் 'ஆபரேஷன் காவேரி'யில் போர்ட் சூடானுக்கு வந்து, கடற்படைக் கப்பல் ஏறி ஜெட்டா வழியாக வீடு திரும்பிய ஒரு சகோதரர் ஒருநாள் கூட்டத்துக்கு வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் ரொம்ப மரியாதையாக, "அண்ணே, நாங்க இருந்தது வடக்குல இருக்கிற சூடான்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்றைக்கு அவர் சொன்னதில் ஒன்று மட்டும் இன்னும் மனதில் நிற்கிறது. கம்பெனி வாசலில் காவலுக்கு இருந்த சூடானியக் கிழவர், ஒரு முஸ்லிம், நோன்பு திறக்கத் தனக்கு வைத்திருந்த மொச்சைப் பயற்றுக் கறியை, அவர்கள் ஃபூல் என்பார்கள், இவர்கள் நான்கு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்து அனுப்பினாராம். அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று இவருக்குத் தெரியாது. போன் போகவில்லை. "அவருக்காகவாவது சரியான நாட்டைச் சொல்லி ஜெபிங்கண்ணே" என்றார்.

சரி, அங்கே என்ன நடக்கிறது? 2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை. ரமலான் மாதம். அங்குள்ள காப்டிக் கிறிஸ்தவர்களுக்கோ ஈஸ்டருக்கு முந்தைய நாள், கிழக்குத் திருச்சபைக் கணக்குப்படி மறுநாள்தான் உயிர்த்தெழுதல் பண்டிகை. ஒருவர் நோன்பிலும் ஒருவர் பண்டிகைக்கு முந்தைய ஆராதனைக்கான ஆயத்தத்திலும் இருந்த காலையில் தலைநகர் கார்ட்டூமில் துப்பாக்கி வெடித்தது. ஒரு பக்கம் ராணுவம், தலைவர் ஜெனரல் புர்ஹான். மறுபக்கம் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படை, தலைவர் ஹெமெட்டி என்று அழைக்கப்படும் முகமது ஹம்தான் டகாலோ. 2021 அக்டோபரில் இருவரும் சேர்ந்துதான் மக்களாட்சிக்கான இடைக்கால அரசைக் கவிழ்த்தார்கள், பிறகு அதிகாரம் யாருக்கு என்று மோதிக்கொண்டார்கள். ஆர்.எஸ்.எஃப்.-இன் வேர் 2003-க்குப் பிறகு சூடானின் மேற்குப் பகுதியான டார்ஃபூரில் ஊர் ஊராகக் கொளுத்திய ஜன்ஜவீத் கும்பல்களில் இருக்கிறது. ஐந்து கோடிப் பேர் வாழும் நாட்டில் வீட்டைவிட்டு ஓடியவர்கள் ஒரு கோடிக்கும் மேல். உலகத்திலேயே மிகப்பெரிய இடப்பெயர்ச்சி இதுதான். 2025 கணக்குப்படி கடும் பசியில் இருந்தவர்கள் 2 கோடிக்கும் மேல்.

இந்த எண்களைச் சொன்னால் கூட்டத்தில் யாரும் அசைவதில்லை, நான் பார்த்திருக்கிறேன். கோடி என்றால் காது கேட்கும், வயிறு கேட்காது. அதனால் இப்போதெல்லாம் நான் எண்ணைச் சொல்வதில்லை. புண்ணாக்கைச் சொல்கிறேன்.

டார்ஃபூரில் எல் ஃபாஷர் என்று ஒரு நகரம். 2024 மே வாக்கில் ஆர்.எஸ்.எஃப். அதை வளைத்தது. ஐந்நூறு நாளுக்கு மேல் முற்றுகை. கடைசி மாதங்களில் ஊரைச் சுற்றி மண்கரை எழுப்பி, உள்ளே மாவு மூட்டை போகாமலும் வெளியே ஆள் போகாமலும் அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சாப்பிட்டது 'அம்பாஸ்'. அது என்னவென்று தேடிப் பார்த்தபோது எனக்கு ஒரு நிமிடம் மூச்சு நின்றது. நிலக்கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்தபிறகு மிஞ்சுகிற சக்கை. அதாவது நம்ம ஊர் கடலைப் புண்ணாக்கு. மாட்டுத்தொட்டியில் ஊறவைத்துக் கலக்கும்போது வரும் அந்த வாசனை நமக்குத் தெரியும், கைக்குள் பிசுபிசுப்பது தெரியும். அதைப் பிள்ளைகளுக்கு ஊறவைத்துக் கொடுத்தார்கள். பிறகு அதற்கும் தட்டுப்பாடு வந்து அதன் விலையும் ஏறியது. 2025 அக்டோபர் 26-ல் நகரம் விழுந்தது, அதற்குப் பிறகு நடந்த கொலைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. தப்பியவர்கள் தவிலா என்ற ஊருக்கு ஓடினார்கள், சுமார் 60 கிலோமீட்டர். நடந்து.

எல் ஃபாஷருக்குப் பக்கத்தில் ஜம்ஜம் முகாம். 2024 பிப்ரவரியில் எம்.எஸ்.எஃப்., அதாவது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவர்கள், அங்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழந்தையாவது சாகிறது என்று கணக்குச் சொன்னார்கள். நம் உபவாச ஜெபம் காலை பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் ஆகஸ்டில் அந்த முகாமில் பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தார்கள். பஞ்சம் என்று அறிவிப்பது லேசில் நடக்காது, அதற்குக் கறாரான அளவுகோல்கள் உண்டு. அறிவிப்பு வரும்போதே பலர் செத்திருப்பார்கள்.

இனி அந்த இரண்டாமவரிடம் வருகிறேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று தினமும் சொல்கிறோம். தமிழில் இந்த வரிக்கு ஒரு வசதி உண்டு, பல மொழிகளில் அது கிடையாது. 'நமக்கு' என்று இல்லை, 'எங்களுக்கு' என்று இருக்கிறது. யாரிடம் பேசுகிறோமோ அவரை மட்டும் வெளியே நிறுத்தி மற்ற எல்லாரையும் உள்ளே இழுக்கிற சொல் அது. பிதாவிடம் பேசுகிறோம், அவர் ஒருவருக்குத்தான் ஆகாரம் தேவையில்லை. மீதி எல்லாரும் அந்த 'எங்களுக்கு'க்குள் வருகிறார்கள். அதில் தவிலாவில் இருக்கும் தாய் இருக்கிறாளா இல்லையா? இருக்கிறாள் என்றால் அவள் ஊர் பேராவது எனக்குத் தெரிய வேண்டாமா? உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் "உலகத்தில் உள்ள எல்லா வியாதியஸ்தரையும் சுகமாக்கும், அதில் இவனும் வந்துவிடுவான்" என்றா ஜெபிப்பீர்கள்? பேர் சொல்லி, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றும் சொல்லித்தான் அழுவீர்கள்.

இயேசுவும் அப்படித்தான். மாற்கு 8-ல் "ஜனங்களுக்காகப் பரிதபிக்கிறேன்" என்கிறார், அடுத்த மூச்சிலேயே விவரம் வருகிறது: மூன்று நாளாக என்னோடு இருக்கிறார்கள், சாப்பிட ஒன்றுமில்லை, பட்டினியாய் அனுப்பினால் வழியில் சோர்ந்துபோவார்கள், சிலர் தூரத்திலிருந்து வந்தவர்கள். நாளை எண்ணி வைத்திருக்கிறார், யாருக்கு வீடு தூரம் என்றும் தெரிந்து வைத்திருக்கிறார். பரிதபித்தல், மனதுருகுதல் என்று நம் வேதாகமத்தில் வரும் அந்த வார்த்தைக்குக் கிரேக்க மூலத்தில் வேர் 'குடல்'. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், "பெத்த வயிறு பத்தி எரியுது" என்று சொல்கிற ஜனம் நாம்.

முதலாமவருக்கு. முஸ்லிம் நாடுதான், கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் இருப்பார்கள். ஆனால் அவரிடம் அப்போஸ்தலர் 8-ஐத் திறக்கச் சொல்லுங்கள். பிலிப்பு ரதத்தில் ஏறி ஏசாயாவை விளக்கி ஞானஸ்நானம் கொடுத்தாரே, அந்த மந்திரி யாருடைய மந்திரி? கந்தாகே என்ற ராஜஸ்திரீயின் மந்திரி. வேதாகமம் எத்தியோப்பியா என்று சொன்னாலும் கந்தாகேமார் ஆண்டது மெரோவே நகரத்திலிருந்து, அது இருப்பது இன்றைய சூடானில், கார்ட்டூமுக்கு வடகிழக்கே. கந்தாகே என்பது ஒருத்தியின் பேர்கூட இல்லை, பட்டம். 2019-ல் சர்வாதிகாரி பஷீரை இறக்கிய போராட்டத்தில் வெள்ளை உடையில் கார்மேல் நின்று முழங்கிய பெண்ணின் படம் உலகமெங்கும் சுற்றியதே, அவளையும் அவளைப் போன்றவர்களையும் சூடானியர் 'கந்தாகா' என்றுதான் அழைத்தார்கள். அதாவது சுவிசேஷம் ரோமாபுரிக்குப் பவுலோடு போவதற்கு முன்பே அந்தத் திசைக்கு ஒருவன் "சந்தோஷத்தோடே தன் வழியே" போய்விட்டான். ஆறாம் நூற்றாண்டிலிருந்து பல நூறு வருடம் அங்கே நூபியக் கிறிஸ்தவ ராஜ்யங்கள் இருந்தன. ஃபராஸ் என்ற இடத்தில் மணலுக்குள் புதைந்து கிடந்த பேராலயத்தின் சுவரோவியங்களை 1960-களில் போலந்து அகழாய்வாளர்கள் தோண்டி எடுத்தார்கள், பாதி வார்சாவிலும் பாதி கார்ட்டூம் அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டன. இந்தப் போரில் அந்த அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது.

கத்தோலிக்கர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் உண்டு. புனித ஜோசபின் பக்கிதா, டார்ஃபூரில் 1869 வாக்கில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது பிடித்துக்கொண்டு போய் அடிமையாக விற்றார்கள், கை மாறிக் கை மாறி எல் ஒபெய்த், கார்ட்டூம் என்று போனார். இன்றைய செய்திகளில் வரும் அதே ஊர்கள். அடைந்த அதிர்ச்சியில் தன் சொந்தப் பேரே அவருக்கு மறந்துபோனது. 'பக்கிதா', அதாவது அதிர்ஷ்டக்காரி, என்பது பிடித்தவர்கள் வைத்த பேர். பிறகு இத்தாலிக்குப் போய் 1890-ல் ஞானஸ்நானம் பெற்று, கன்னியர் மடத்தில் சேர்ந்து, 1947-ல் இறந்தார், 2000-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். பிப்ரவரி 8 அவர் திருநாள், மனிதக் கடத்தலுக்கு எதிரான ஜெபநாளும் அதுதான். அவருடைய தாய் வைத்த பேர் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் சொன்னாலும், அங்கே ஒரு கிறிஸ்தவன்கூட இல்லை, ஒரு சரித்திரத் தொடர்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் எனக்குப் பதில் மாறாது. யோனா நினிவேக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்து, ஊர் எப்போது அழியும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆமணக்குச் செடி வாடியதற்குத்தான் அவனுக்கு மனசு வலித்தது. தேவன் கேட்ட கடைசிக் கேள்வியில் லட்சத்து இருபதினாயிரம் பேரையும் சொல்கிறார், மிருகஜீவன்களையும் சேர்த்துச் சொல்கிறார். அவர்கள் எந்த மதம் என்று அங்கே பேச்சே இல்லை.

இப்போது உங்கள் கேள்வி. ஜெபித்தால் என்ன நடக்கும்? நான் இப்படி ஜெபித்தேன், மறுநாள் லாரி போய்ச் சேர்ந்தது என்று சாட்சி சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். நாங்கள் எல் ஃபாஷருக்காக ஒரு வருடத்துக்கு மேல் ஜெபித்தோம், நகரம் விழுந்தது. அந்த வெள்ளிக்கிழமை 88-ம் சங்கீதத்தை வாசித்தோம், சங்கீதங்களிலேயே இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிற ஒன்று. அதற்குமேல் யாரும் எதுவும் ஜெபிக்கவில்லை. ஒரு அம்மா மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஜெபம்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஜெபிக்கிறவனுக்கு ஒன்று நடக்கிறது, அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்போஸ்தலர் 11-ல் அகபு என்ற தீர்க்கதரிசி, பஞ்சம் வரப்போகிறது என்கிறான். அந்தியோகியா சபை என்ன செய்தது? "அவரவர் தங்கள் தங்கள் திராணிக்குத்தக்கதாக" பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பியது. செய்தி காதில் விழுந்ததும் கை பைக்குள் போகிறது. யாக்கோபு 2-ல் அதன் மறுபக்கம்: "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காதவன். 'உலக சமாதானத்துக்காக' என்ற ஜெபத்தில் கை எங்கேயும் போகாது, ஏனென்றால் போக ஒரு முகவரியே இல்லை. பேர் சொல்லி ஜெபிக்கிறவனால் ரொம்ப நாள் சும்மா இருக்க முடியாது.

முகவரி இருக்கிறது. சூடானில் 'நஃபீர்' என்று ஒரு பழைய வழக்கம் உண்டு, அறுவடைக்கோ வீடு கட்டவோ ஊரே ஒன்றுகூடி உழைப்பது. அந்த வழியில் போர் தொடங்கியதும் இளைஞர்கள் தெருவுக்குத் தெரு 'அவசர உதவி அறைகள்' என்ற குழுக்களை அமைத்தார்கள். பொதுச் சமையல்கூடம், மருந்து, குடிதண்ணீர், வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியேற்றுவது, எல்லாம் அவர்கள்தான். பெரிய அண்டாவில் பருப்பு, இல்லையென்றால் அசீதா, அதாவது சோளமாவுக் களி, நம் களிக்குத் தூரத்துச் சொந்தம். 2025-ல் அவர்களுக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கொடுத்தார்கள். அதே வருட ஆரம்பத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையல்கூடங்கள் மூடின. ஒரு கையெழுத்து, ஆயிரம் அண்டா கவிழ்ந்தது.

எதற்காக ஜெபிக்கலாம் என்றால், இந்தப் பிள்ளைகளுக்காக முதலில். இரு தரப்பும் இவர்களை எதிரியின் ஆள் என்று சந்தேகப்படுகிறது, பலரைப் பிடித்தார்கள், கொன்றார்கள். அப்புறம் சாத் நாட்டு எல்லையில் இருக்கும் அத்ரே கடவைக்காக, உதவி லாரிகள் டார்ஃபூருக்குள் போகிற முக்கிய வழி அது. 2024-ல் ஆறு மாதம் அது மூடிக் கிடந்து ஆகஸ்டில்தான் திறந்தது. மழையையும் யோசியுங்கள்: ஜூனில் நாம் மழைக்காக ஜெபிக்கிறோம், அங்கே ஜூனில் மழை இறங்கினால் பாதை சேறாகி லாரி நிற்கும், முகாமில் காலரா பரவும். 2025 மழையில் தவிலாவில் அதுதான் நடந்தது. ஜெபிக்கவும் காலண்டர் தெரிய வேண்டியிருக்கிறது பாருங்கள். புர்ஹானுக்காகவும் ஹெமெட்டிக்காகவும்கூட ஜெபிக்கிறோம், பல்லைக் கடித்துக்கொண்டுதான். தங்கத்துக்காகவும். சூடானில் தோண்டும் தங்கத்தில் பெரும்பகுதி போய்ச் சேர்வது ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கு, இந்தப் போர் அந்தத் தங்கப் பணத்தில் ஓடுகிறது. துபாயிலிருந்து வரும் செயினை உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிற நாம் அது எந்த மண்ணில் தோண்டியது என்று கேட்பதில்லை. இதைக் கூட்டத்தில் சொன்னபோது இரண்டு பேருக்குக் கோபம் வந்தது. வரட்டும்.

பணம் அனுப்ப விரும்பினால்: இந்தியாவில் இருக்கும் தனிநபர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்ப முடியும். சபை பேரிலோ டிரஸ்ட் பேரிலோ அனுப்புவது வேறு கதை, ஆடிட்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். கரித்தாஸ், எம்.எஸ்.எஃப்., ஐ.நா. உணவுத் திட்டம் மாதிரி அங்கே வேலை செய்கிற அமைப்புகளுக்கு நேராகக் கொடுங்கள். "அங்கே ஒரு பாஸ்டரைத் தெரியும், ஜி-பே பண்ணுங்கள்" என்று வருகிற செய்திக்குக் கொடுக்காதீர்கள்.

அதேபோல வாட்ஸ்அப் ஜெபவிண்ணப்பங்கள். "ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை, உடனே எல்லாருக்கும் அனுப்பவும்" என்று ஒன்று 2009-லிருந்து சுற்றுகிறது. நடக்கவே நடக்காத அந்த மரணத்துக்காக நம் அம்மாக்கள் எத்தனை இரவு முழங்காலில் நின்றிருப்பார்கள்! அந்தக் கண்ணீரை நான் கேலி செய்யவில்லை. நிஜமாகச் சாகிறவர்களுக்கு யாரும் ஃபார்வர்டு எழுதுவதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

உங்கள் பெரியவர்களோடு வாதாட வேண்டாம், தம்பி. ஒரு காரியம் செய்யுங்கள். உபவாசம் முடிந்து கஞ்சி ஊற்றும் மேசையில், உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கை கடலைப் புண்ணாக்கை ஒரு தட்டில் வையுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். யாராவது "இது எதுக்குப்பா இங்க?" என்று கேட்பார்கள். அப்போது எல் ஃபாஷர் கதையைச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம். இப்போது ஜெபக்குறிப்புத் தாளில் ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு ஊர் பேர்தான் எழுதுகிறேன், பெரிய எழுத்தில். இந்த வாரம் தவிலா.

தெற்கு சூடானையும் தாளிலிருந்து எடுக்கவில்லை. அங்கேயும் பசி இருக்கிறது, இந்தப் போரிலிருந்து தப்பியவர்கள் லட்சக்கணக்கில் அங்கேதான் போயிருக்கிறார்கள். டைல்ஸ் கம்பெனி சகோதரர் அதைப் பார்த்து இன்னும் சிரிப்பார்.